கட்டு, பிரி, மறுபடி கட்டு: பொம்மைக் கட்டைகளும் ரோபோப் படைப்பும்

பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்தி வீடும் வண்டியும் செய்யும் விளையாட்டு, கடந்த 40 ஆண்டுகளில் மோட்டாரும் சென்சாரும் நிரலும் சேர்ந்த ரோபோக் கட்டுமானமாக வளர்ந்திருக்கிறது. பள்ளிகள் அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டன. உலக அளவில் போட்டிகள் நடக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் விஞ்ஞானிகள் இதே கட்டைகளை வைத்து அளவைக் கருவிகள் செய்கிறார்கள். குழந்தையின் படைப்பாற்றல் வளரும் என்று சொல்லித்தான் இந்தப் பெட்டிகளை விற்கிறார்கள். பெற்றோரும் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி, எந்தச் சூழலில் அது பலிக்கிறது, எங்கே பொய்த்துப்போகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டைகளின் தனிச்சிறப்பு, பொருத்தியதைக் கழற்ற முடிவதுதான். தவறாகக் கட்டினால் நஷ்டமில்லை; பிரித்து வேறுவிதமாகக் கட்டலாம். பிரிப்பதற்கு இடம் இருக்கும்வரை படைப்பு இருக்கிறது. அந்த இடம் அடைபட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியும் வெறும் அலங்காரப் பொருளாகிவிடுகிறது.

முன்னோடிகள்

கட்டுமானப் பொம்மையின் கதை லெகோவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற உலோகப் பட்டைகளே பிறகு 'மெக்கானோ' என்ற பெயரில் புகழ்பெற்றன. அரை அங்குல இடைவெளியில் துளையிட்ட பட்டைகள், அச்சுகள், பல்சக்கரங்கள், போல்ட், நட்டு ஆகியவையே அதன் உறுப்புகள். இந்தியாவில் 'மெக்கானிக்ஸ்' என்ற பெயரில் விற்ற பெட்டிகளும் இதே வகையைச் சேர்ந்தவைதான்.

பொம்மை உறுப்புகளால் உண்மையான பயன்பாட்டு இயந்திரம் கட்ட முடியும் என்பதற்கு மெக்கானோவே முதல் பெரிய சான்று. மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீ 1933இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்று, வனேவர் புஷ் கட்டியிருந்த, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரத்தைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் மாணவர் ஆர்தர் போர்ட்டருடன் சேர்ந்து, பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே, ஏறக்குறைய 20 பவுண்டு செலவில் அதன் சிறிய வடிவத்தைக் கட்டினார். அணு அமைப்பு பற்றிய கணக்குகளைப் போடும் அளவுக்கு அது துல்லியமாக இருந்தது. முழு அளவு இயந்திரத்துக்குப் பணம் திரட்டும் துணிவு அந்தச் சிறிய இயந்திரத்தால்தான் வந்தது.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவருடைய லெகோ நிறுவனம் 1949இல் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் கட்டைகள், பிரிட்டனின் ஹிலரி பேஜ் வடிவமைத்த கிட்டிகிராஃப்ட் கட்டைகளை ஒட்டியவை. அவற்றின் உள்பக்கம் வெறும் கூடு. அடுக்கலாம், ஆனால் பிடிப்பு போதாது. 1958 ஜனவரி 28 அன்று பதிவான காப்புரிமைதான் நிலைமையை மாற்றியது. கட்டையின் உள்ளே குழல்கள் வந்தன. கீழ்க் கட்டையின் குமிழ் மேல்கட்டையின் குழலுக்கும் சுவருக்கும் இடையே இறுக்கமாக அமர்ந்தது. 1963 முதல் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் பயன்பாட்டுக்கு வந்ததும் கட்டை நாளடைவில் வளைந்து உருமாறும் சிக்கலும் தீர்ந்தது. அள்ளித் தூக்கினால் கழலக் கூடாது, குழந்தை விரலால் இழுத்தால் கழல வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒரே கட்டையில் நிறைவேறியதுதான் இதன் பொறியியல் சாதனை.

எட்டு மில்லிமீட்டர் கணக்கு

ரோபோ கட்ட முனைகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இந்தக் கட்டைகளின் அளவுக் கணக்கு. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. தட்டையான உறுப்பின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மி.மீ. வரும், அது சரியாக இரண்டு குமிழ்களின் அகலம். அதனால்தான் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தும் இடைவெளி விழாமல் பொருத்த முடிகிறது. முகங்களும் வளைவுகளும் நுணுக்கமாகத் தெரியும் மாதிரிகளைச் செய்கிறவர்களின் கைவித்தையில் பாதி இந்த ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

1977இல் வந்த டெக்னிக் வகையில் கட்டைகளின் பக்கங்களில் துளைகள் வந்தன. அச்சும் பின்னும் பல்சக்கரமும் சேர்ந்தன. இங்கேதான் முதல் சிக்கல் எழுகிறது. துளையுள்ள இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் துளைகளுக்கு இடையே 9.6 மி.மீ. வரும். செங்குத்தாக நிறுத்தும் சட்டத்தில் துளைகள் 8 மி.மீ. இடைவெளியில் இருப்பதால் இரண்டும் ஒத்துவராது. நடுவில் இரண்டு தட்டுகளை வைத்தால் 9.6உம் 6.4உம் சேர்ந்து 16 மி.மீ. ஆகிவிடும். அதாவது சரியாக இரண்டு துளை தூரம். இப்போது செங்குத்துச் சட்டத்தைப் பின் கொண்டு பூட்டலாம். மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் கட்டுமானம் பிளக்காது.

நான்கு சட்டங்களைப் பின் கொண்டு இணைத்த சதுரம் ஆடும். குறுக்குச் சட்டம் போட்டால் நிற்கும். அந்தக் குறுக்குச் சட்டம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? ஒரு பக்கம் 3 இடைவெளி, மறுபக்கம் 4 இடைவெளி என்றால் குறுக்கே 5. பிதாகரஸ் தேற்றத்தை ஒரு மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதற்கும், ஆடிக்கொண்டிருந்த சட்டகம் ஐந்து இடைவெளி தள்ளியுள்ள துளையில் பின் நுழைந்ததும் இறுகி நிற்பதைக் கையால் உணர்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பல்சக்கரங்களும் இதே கணக்கில் வார்க்கப்பட்டவை. 8 பல் சக்கரமும் 24 பல் சக்கரமும் 16 மி.மீ. தூரத்தில் பொருந்தும். சிறியது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று சுற்றும்; வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்து, திருகுவிசை ஏறக்குறைய மூன்று மடங்காகும். புள்ளிக் கோலத்தில் புள்ளிகளின் இடைவெளி மாறாததால்தான் எவ்வளவு சிக்கலான கோலமும் கடைசியில் பிசகாமல் கூடி முடிகிறது. கட்டைகளின் சுதந்திரத்துக்கும் அதே போன்ற கண்டிப்புதான் அடித்தளம்.

இந்தச் சுதந்திரத்தின் அளவு மலைக்கவைப்பது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாக இணைக்கலாம். மூன்றை 1,060 விதமாக. ஆறு கட்டைகளுக்கு 10,29,81,500 வழிகள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலர் சோரன் எய்லர்ஸ், அந்த எண் ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டுமே கணக்கில் எடுத்தது என்று சுட்டிக்காட்டி, கணினி நிரல் எழுதி முழுவதையும் எண்ணினார். விடை 91,51,03,765.

கட்டைக்குள் கணினி

ரோபோப் பக்கம் திரும்பியதற்கு மூலகாரணம் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தக் கணிதவியலர், ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜேயுடன் பணியாற்றிவிட்டு எம்.ஐ.டி.க்கு வந்தார். 1967இல் சகாக்களுடன் சேர்ந்து, குழந்தைகளும் எழுதக்கூடிய 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார். திரையிலும் தரையிலும் நகரும் ஓர் 'ஆமை'க்குக் கட்டளையிட்டுப் படம் வரையவைப்பது அதன் புகழ்பெற்ற பயன்பாடு. 1980இல் வெளியான 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் முன்னுரையில், சிறுவயதில் தன்னை ஈர்த்த பல்சக்கரங்களே கணிதத்துக்கு வழிகாட்டின என்று அவர் விவரித்திருக்கிறார். கையால் ஒரு பொருளைக் கட்டும்போதுதான் மனத்தில் அறிவு கட்டப்படுகிறது என்பது அவருடைய கோட்பாடு. நிரலில் பிழை வந்தால் அது தோல்வியன்று, ஆராய வேண்டிய செய்தி என்பது அதன் மறுபாதி.

1980களின் நடுவில் எம்.ஐ.டி. மீடியா லேபும் லெகோ நிறுவனமும் கைகோத்தன. மிட்செல் ரெஸ்னிக் உள்ளிட்டோர் முதலில் கட்டைகளைக் கம்பி வழியே கணினியுடன் இணைத்தார்கள்; பிறகு கணினியையே கட்டைக்குள் வைத்தார்கள். அந்த ஆராய்ச்சியின் விளைவாக 1998இல் பேப்பர்ட் நூலின் பெயரையே தாங்கி மைண்ட்ஸ்டார்ம்ஸ் பெட்டி கடைக்கு வந்தது. அதன் மஞ்சள் கட்டைக்குள் ஒரு ஹிட்டாச்சி நுண்கட்டுப்படுத்தியும் 32 கிலோபைட் நினைவகமும் இருந்தன. மூன்று மோட்டார்களையும் மூன்று சென்சார்களையும் அதில் இணைக்கலாம்.

அடுத்து நடந்தது இந்த வரலாற்றின் திருப்புமுனை. பெட்டி வெளிவந்த சில வாரங்களுக்குள் ஸ்டான்ஃபோர்டு மாணவர் கெகோவா புரூட்ஃபுட் அந்தக் கட்டையின் உள்நிரலைப் பகுத்து, அது எப்படி இயங்குகிறது என்பதை வெளியிட்டார். அதை வைத்து மற்றவர்கள் புதிய இயங்குதளங்களும் நிரல்மொழிகளும் எழுதினார்கள். வழக்குப் போடுவதா என்று யோசித்த நிறுவனம், கடைசியில் பயனர்கள் நிரலை மாற்றிக்கொள்ள உரிமத்திலேயே அனுமதி தந்தது. அடுத்த தலைமுறையான என்.எக்ஸ்.டி.யை வடிவமைத்தபோது தேர்ந்த பயனர்களையே அழைத்து ஆலோசனை கேட்டது. 2006இல் வந்த அந்தப் பெட்டியும், லினக்ஸில் இயங்கிய 2013இன் ஈ.வி.3 பெட்டியும் உலகப் பள்ளிகளில் பரவின. உறுப்பைப் பிரிக்கும் உரிமையோடு நிரலைப் பிரிக்கும் உரிமையும் சேர்ந்ததே அந்தப் பரவலுக்கு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

2022 இறுதியில் மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை நிறுத்தப்பட்டது. வாங்கிவைத்த பள்ளிகளுக்கு இது இழப்புதான். ஆனால் பைபிரிக்ஸ் போன்ற திறந்த மூல நிரல்கள் பல தலைமுறைக் கட்டைகளுக்கு பைத்தான் மொழியில் மறுவாழ்வு தந்திருக்கின்றன.

ஒரு சின்ன ரோபோவின் பாடம்

தொடக்க வகுப்புகளில் அநேகமாக எல்லோரும் செய்யும் பயிற்சி, வெள்ளைத் தளத்தில் உள்ள கறுப்புக் கோட்டைத் தொடர்ந்து ஓடும் வண்டி. இரண்டு மோட்டார், தரையைப் பார்க்கும் ஓர் ஒளி சென்சார். மாணவர் முதலில் எழுதும் நிரல், "கறுப்பு தெரிந்தால் நேராகப் போ, வெள்ளை தெரிந்தால் திரும்பு" என்பதுதான். வண்டி சில அங்குலம் ஓடி, கோட்டை விட்டு விலகி, வட்டமிடத் தொடங்கும். காரணம் எளியது: வெள்ளை தெரிகிறது என்றால் கோடு இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒற்றை சென்சாரால் சொல்ல முடியாது.

இதற்குத் தீர்வு, கோட்டை விட்டுவிட்டு அதன் விளிம்பைப் பின்பற்றுவது. வெள்ளையில் சென்சார் 60 என்றும் கறுப்பில் 10 என்றும் காட்டினால், பாதி கறுப்பும் பாதி வெள்ளையும் தெரியும் விளிம்பில் 35 வரும். 35க்கு மேல் போனால் ஒரு பக்கம், கீழே போனால் மறுபக்கம் திரும்ப வேண்டும். இப்போது வண்டி கோட்டோடு போகும், ஆனால் தலையை ஆட்டி ஆட்டிப் போகும். எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவுக்கே திரும்பச் சொன்னால் ஆட்டம் அடங்கும். தொழிற்சாலைகளில் வெப்பத்தையும் வேகத்தையும் சீராக வைத்திருக்கும் விகிதக் கட்டுப்பாடு இதேதான். சென்சாரை இரண்டு துளை முன்னே தள்ளி வைத்தால் வளைவு முன்கூட்டியே தெரியும் என்று ஒரு மாணவர் கண்டுபிடிக்கும்போது, நிரலால் தீராத சிக்கலைக் கட்டுமானத்தால் தீர்க்கலாம் என்ற பேரறிவும் கிடைக்கிறது. வண்டியைக் கழற்றி மாற்ற அரை நிமிடம் போதும் என்பதால்தான் அவர் அதைச் செய்துபார்க்கத் துணிகிறார்.

பொம்மை கருவியானபோது

இந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு உலகம் முழுவதும் சான்றுகள் இருக்கின்றன. அன்டோராவைச் சேர்ந்த டேவிட் அகிலார் வலது முன்கை இல்லாமல் பிறந்தவர். ஒன்பது வயதில் கட்டைகளால் தனக்கு ஒரு கை செய்துபார்த்தார். அது உறுதியாக இல்லை. முயற்சியைக் கைவிடாமல், பதின்ம வயதின் இறுதியில், ஒரு டெக்னிக் ஹெலிகாப்டர் பெட்டியின் உறுப்புகளைக் கொண்டு பொருளைப் பற்றிப் பிடிக்கும் செயற்கைக் கையைக் கட்டினார். கின்னஸ் நூல் அதைப் பதிவுசெய்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் வளர்ந்த இந்திய வம்சாவளிச் சிறுவர் சுபம் பானர்ஜி, 2014இல் ஏழாம் வகுப்பில் படித்தபோது, ஈ.வி.3 பெட்டியைப் பிரெய்ல் அச்சுப்பொறியாக மாற்றினார். கடையில் 2,000 டாலருக்கு மேல் விற்ற ஒரு கருவியை இவ்வளவு மலிவாகச் செய்ய முடியுமா என்ற அவருடைய கேள்வி, பெரிய நிறுவனங்களையும் திரும்பிப் பார்க்கவைத்தது.

ஆய்வுக்கூடங்களும் இதில் பின்தங்கவில்லை. கேம்பிரிட்ஜ் பொறியாளர்கள் 2012இல் செயற்கை எலும்பு வளர்க்கும் ஆய்வில், மாதிரியை ஒரு கரைசலிலிருந்து மற்றொன்றுக்கு மணிக்கணக்கில் மாற்றி மாற்றித் தோய்க்கும் வேலையை ஒரு மைண்ட்ஸ்டார்ம்ஸ் கையிடம் ஒப்படைத்தார்கள். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட்டின் ஆய்வாளர்கள் 2015இல் கட்டைகளால் கிப்பிள் தராசு ஒன்றைச் செய்தார்கள். எடைக்கல்லின் பாரத்தை, காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் பாயும் மின்சாரத்தின் விசையோடு ஈடுகட்டி, பிளாங்க் மாறிலியை ஏறக்குறைய ஒரு சதவீதத் துல்லியத்துக்கு அளக்கும் தராசு அது. 2019 மே 20 முதல் உலகத்தின் கிலோகிராம் இந்த மாறிலியைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. அந்த மாபெரும் மாற்றத்தின் தத்துவத்தைப் பள்ளி மேசைமீது நடத்திக்காட்ட பொம்மைக் கட்டை போதும் என்று அவர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

மாதிரிக் கட்டுமானத்திலும் இதே ஆழம் உண்டு. கிரேக்கக் கடலடியில் கிடைத்த, 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஆன்டிகிதெரா என்ற வானியல் கணிப்பொறியை, பொறியாளர் ஆண்ட்ரூ கரோல் 2010இல் 1,500 டெக்னிக் உறுப்புகளாலும் 110 பல்சக்கரங்களாலும் மறுபடி இயக்கிக்காட்டினார். அது கிரகணங்களைக் கணித்தது. அசலின் பற்களின் எண்ணிக்கை டெக்னிக் சக்கரங்களில் கிடையாது. ஆகவே இருக்கும் சக்கரங்களையே சேர்த்துச் சேர்த்து அதே விகிதங்களை அடைய வேண்டியிருந்தது. மறுஆக்கமும் படைப்புதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. 2018இல் லெகோ நிறுவனமே முழு அளவில் கட்டி ஓட்டிய புகாட்டி காரில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்புகளும் 2,304 மோட்டார்களும் இருந்தன; உறுப்புகளை இணைக்கப் பசை பயன்படுத்தவில்லை.

ஆய்வுகள் காட்டுவது

சாதனையாளர்களின் கதைகளை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் பலன் கிடைக்கும் என்று முடிவுகட்ட முடியாது. சுவீடனில் லிந்த், ஹோல்கர்சன் இருவரும் பள்ளி மாணவர்களிடையே நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, ரோபோக் கட்டைப் பயிற்சியால் தர்க்கச் சிக்கல்களைத் தீர்க்கும் திறன் பொதுவாக உயர்ந்ததாகச் சான்று இல்லை என்றது. சில குழுக்களுக்கு மட்டுமே பலன் தெரிந்தது. பிரேசிலைச் சேர்ந்த பெனிட்டி 2012இல் பள்ளி ரோபோட்டிக்ஸ் ஆய்வுகளைத் தொகுத்தபோது, அளவீடுகளோடு நடத்தப்பட்டவை என்று ஏற்கத் தகுந்த கட்டுரைகள் 10 மட்டுமே தேறின. அவற்றில் பெரும்பாலானவை நல்ல பலனைக் காட்டின, எல்லாமே அல்ல.

படைப்பாற்றலை நேரடியாகச் சோதித்தவர்கள் பேஜ் மோரோவும் மாரிட் எங்கெசெட்டும். 2016இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் ஒரு சாராருக்குக் கையேட்டுடன் கட்டைப் பெட்டி தரப்பட்டது. மற்றவர்கள் விருப்பம்போல் கட்டினார்கள். பிறகு இரு சாராருக்கும் கற்பனை தேவைப்படும் வேறொரு பணி. கையேட்டைப் படிப்படியாகப் பின்பற்றியவர்கள் அதில் பின்தங்கினார்கள். ஒரே சரியான விடையைத் தேடும் மனநிலை, கட்டி முடித்த பிறகும் அவர்களை விட்டுப் போகவில்லை.

இதனால் கையேடே கூடாது என்றாகிவிடாது. பல்சக்கரத்தை எப்படிப் பூட்டுவது, சட்டகத்தை எப்படி இறுக்குவது என்ற நுட்பங்களைக் கையேடு நன்றாகக் கற்றுத்தரும். கட்டி முடித்த மாதிரி அலமாரிக்குப் போவதில்தான் கேடு. ஒரு முறை கையேட்டின்படி கட்டிய வண்டியைப் பிரித்து, அதே உறுப்புகளால் வேறொன்று கட்டும்போதுதான் கற்றது சொந்தமாகிறது.

போட்டிகளும் பயிற்சி வகுப்புகளும்

1998இல் கண்டுபிடிப்பாளர் டீன் கேமனும் லெகோவின் கெல்ட் கிர்க் கிறிஸ்டியன்செனும் சேர்ந்து தொடங்கிய ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் ஆண்டுதோறும் புதிய கருப்பொருள் வருகிறது. இரண்டரை நிமிடத்தில் ரோபோ தானாகவே பணிகளை முடிக்க வேண்டும். கூடவே ஆய்வுத் திட்டமும் குழு மனப்பான்மையும் மதிப்பிடப்படுகின்றன. 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடின் இறுதிச்சுற்று 2016இல் டெல்லியில் நடந்தது. அந்த ஒலிம்பியாடில் நீண்ட காலம் ஒரு நல்ல விதி இருந்தது: ரோபோவை உதிரி உறுப்புகளாகவே கொண்டுவர வேண்டும், களத்தில்தான் கட்ட வேண்டும். அன்றைய தினமே அறிவிக்கப்படும் திடீர் விதி ஒன்றும் உண்டு. மாணவர் தன் ரோபோவை உண்மையிலேயே புரிந்துகொண்டிருக்கிறாரா என்பதை இதைவிட நேர்மையாகச் சோதிக்க முடியாது.

பயிற்சியாளரே வடிவமைத்து, பெற்றோரே நிரல் எழுதி, பிள்ளை பொத்தானை அழுத்தும் போக்கு எந்தப் போட்டியிலும் தலைதூக்கக்கூடியது. அங்கே கிடைக்கும் கோப்பையால் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை. தோற்ற ரோபோவைப் பிரித்துப்போட்டு, ஏன் தோற்றது என்று நண்பர்களோடு வாதாடிய மாலைதான் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் உண்மையான கல்வி.

விலையும் மாற்று வழிகளும்

இந்தியாவில் பெருந்தடை விலை. நிரலிடும் கட்டைப் பெட்டி பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. மத்திய அரசின் நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் ஆய்வுக்கூடத் திட்டம், பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 10,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆய்வுக்கூடங்கள் அமைந்துள்ளன. உறுப்பு தொலைந்துவிடும் என்ற பயத்தில் பெட்டியைப் பூட்டிவைத்தால் இந்தப் பணமெல்லாம் வீண். உறுப்பு தொலையத்தான் செய்யும். அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுக் குழந்தைகளின் கையில் பெட்டியைக் கொடுப்பதே நிர்வாகத்தின் கடமை.

கட்டையின் அடிப்படை வடிவத்துக்கு இப்போது யாரும் ஏகபோக உரிமை கொண்டாட முடியாது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு வணிகச்சின்னமாக அதைக் காக்க லெகோ முயன்றது. கனடா உச்ச நீதிமன்றம் 2005இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இலும் அதை ஏற்க மறுத்துவிட்டன. ஆகவே பொருந்தக்கூடிய மலிவான கட்டைகள் சட்டப்படியே கிடைக்கின்றன. அவற்றோடு நிரலிடக்கூடிய ஓர் ஆர்டுயினோ மின்னணுப் பலகையையும் மோட்டார்களையும் சேர்த்தால் ரோபோ பிறந்துவிடும்.

இன்னும் எளிய வழியை நம் நாட்டவரே காட்டியிருக்கிறார். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குச் சென்றபோது, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு ஒரு கட்டுமானப் பொம்மையை உருவாக்கினார். துண்டு டியூபின் இரு முனைகளிலும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. நான்கு குச்சிச் சதுரம் சாயும். 3, 4, 5 சட்டம் சொல்லும் அதே பாடம், சில்லறைக் காசுக்கு. அதையும் இழுத்தால் பிரியும், செருகினால் கூடும்.

முடிவுரை

தீக்குச்சியிலிருந்து கிப்பிள் தராசு வரை பார்த்தபின் ஒரு பெட்டியையோ வகுப்பையோ போட்டியையோ எடைபோடப் பெற்றோரும் ஆசிரியரும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கட்டியதைக் குழந்தை பயமில்லாமல் பிரிக்கலாமா? பிரித்ததைக் கையேடு இல்லாமல் வேறொன்றாகக் கட்ட நேரம் தருகிறார்களா? ஓடாத ரோபோ ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கும் வேலை குழந்தையிடமே விடப்படுகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், பெட்டி மலிவானதாக இருந்தாலும் தயங்காமல் வாங்கலாம், சேரலாம். ஒன்றுக்காவது 'இல்லை' என்றால், பணம் கட்டுவதற்கு முன் அதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும் பெற்றோரும் ஆசிரியரும் பெருகினால், படைப்பாற்றல் என்று பெட்டியின்மேல் அச்சடித்த வாக்குறுதி நம் வகுப்பறைகளிலும் நிறைவேறும்.